ஏஸ் இல்லை என்றார் மெர்சி

மாதாப்பூரில் மென்பொருள் வேலையில் இருந்த காலம். ஞாயிறுதோறும் ஹப்சிகுடாவில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பிரிட்ஜ் ஆடுவேன்; இருவர் இருவராக ஜோடி சேர்ந்து ஆடும் சீட்டாட்டம். என் ஜோடி மெர்சி வங்கி அதிகாரி, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எத்தனை பிடி எடுப்போம் என்று அவர் ஏலம் கேட்கும் விதம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். வாராவாரம் திருத்துவேன்.

அன்று போட்டியின் கடைசி ஆட்டம். மெர்சி ஏலத்தைத் துவக்கினார். என் கையில் இரண்டு ஏஸ். அவரிடம் எத்தனை என்று, பேசிவைத்த முறைப்படி கேட்டேன். “ஃபைவ் கிளப்ஸ்” என்றார். ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். ஏஸ் இல்லாமல் யாராவது துவக்குவார்களா? மறுபடியும் முறையை மறந்துவிட்டார் என்று சலித்துக்கொண்டு, பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எடுப்பதாக ஏலத்தை ஏற்றினேன்.

எதிராளிகள் முதல் இரண்டு பிடியையும் ஏஸ் போட்டே எடுத்தார்கள். கோப்பை போயிற்று.

“ஒரு ஏஸ்கூட இல்லாம ஏங்க ஆரம்பிச்சீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“ராஜா, ராணி நிறைய இருந்துச்சு, ஆரம்பிச்சேன். ஏஸ் இல்லைன்னு சொன்னேன்ல? நம்பறதில்லைன்னா கைக்கு கேட்டீங்க? இனிமே உங்ககூட ஆட்டம் நக்கோ!”

கோபத்தில் அவருக்கு ஊர் உருது வந்துவிட்டது: ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம். அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க” என்று சிரித்துவிட்டு, வேறொருவருக்கு ஜோடியாக எதிரே போய் உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் அவரைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் சொன்னதை ஒருமுறைகூடக் காதில் வாங்கவில்லை.