சித்தப்பாவின் பிரேக்குக்குத் தைலக்காப்பு

சித்தப்பா வாங்கிவந்த மோட்டார் சைக்கிளில் எல்லாம் இருந்தது, பிரேக்கைத் தவிர. அதை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை. ஓடுவதற்குத்தானே வண்டி, நிறுத்துவதற்கா வாங்குவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்பார். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன வண்டி அது. மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தாலும் நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். நான் சுரண்டியிருக்கிறேன், வாங்கியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரம்பூரில் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த அந்த இரும்பை எந்த நேரத்தில் பார்த்தாரோ, அன்றிலிருந்து மனுஷருக்கு வேறு பேச்சே இல்லை.

திருவள்ளூரில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெரு எங்களுடையது. குளத்தங்கரை திரும்பும்போதே சித்தப்பா எஞ்சினை அணைத்துவிடுவார். வேஷ்டியை மடித்துக் கட்டிய இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, “நகருங்கோ, நகருங்கோ” என்று கத்தியபடி வருவார். அப்படியும் நிற்கவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மின்சாரக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். மற்றக் கம்பங்கள் துருப்பிடித்துக் கிடக்க, அது மட்டும் அவர் மார்பு பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. திட்டுவதற்கென்று வாசலுக்கு வருகிறவர்கள்கூட, கம்பத்தைத் தழுவிக்கொண்டு அசடு வழியும் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா என்றால் எனக்கு உயிர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, என்னைவிட அதிகமாகத் திட்டு வாங்குவார், கடலை மிட்டாயைப் பாதிக்குப் பாதி பிட்டுக் கொடுப்பார். ஒரு மனுஷரிடம் வேறென்ன வேண்டும்?

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் பிடித்தது சனி. ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். காலை ஷிப்டுக்கு அது கதைக்கு ஆகாது. மோட்டார் சைக்கிளில் பெரியபாளையம் வழியாகப் போனால் வேலையும் பார்க்கலாம், சாயங்காலம் வீட்டுக்கும் வந்துவிடலாம். ஆனால் அதற்கு வண்டி நிற்க வேண்டும். கல்கத்தா ரோட்டில் லாரிக்காரர்களிடம் “நகருங்கோ” என்று கத்தினால் நகர்வார்களா?

அப்பாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. அவரும் சித்தப்பாவும் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள், அதாவது புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள். முன்தண்டில் வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் சித்தப்பா. ஒரே உயரம், ஒரே நடை. சித்தப்பா விலகினால் அந்த இடத்துக்கு வரவேண்டிய பங்காளி அப்பாவின் காது மட்டம்தான் இருப்பார். “பெருமாள் என்ன, ஒருக்களிச்சுண்டா வீதி வருவார்?” என்று கேட்பார் அப்பா. லீவு நாளில் வந்து சுமக்கிறேன், உற்சவத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்று சித்தப்பா எவ்வளவோ சொன்னார். அப்பா கடைசியில் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

“வண்டி நின்னா போ. நிக்கலைன்னா வேலையை மறந்துடு.”

சித்தப்பா நேரே சமையலுள்ளுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். “மன்னி, வண்டி நிக்கலைன்னா நான் அங்கேயே ரூம் எடுத்துண்டு போயிடுவேன். வேலையை விடறதா இல்லை. அண்ணாகிட்ட இப்போ சொல்லாதேங்கோ.”

அம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகியது. நான் மோர் குடிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். சித்தப்பா இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

சனிக்கிழமை எளாவூரிலிருந்து சித்தப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். செக்போஸ்ட் பக்கத்தில் நிற்கிற லாரிகளுக்கு பிரேக் கட்டுகிறவர். ஆந்திரா பார்டர் பழக்கத்தில் எல்லோரையும் நைனா நைனா என்று கூப்பிடுவார், அதனால் நான் அவருக்கே நைனா என்று பெயர் வைத்துவிட்டேன். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. அவர் கொல்லையில் தும்மினால் வாசலில் மாடு மிரளும்.

இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாட்டுக்கொட்டகைத் தரையில் சாக்கின்மேல் போட்டார்கள். சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்புக் கிண்ணம். அதற்குள் அரைவட்டமாக இரண்டு துண்டு. பிரேக்கை மிதித்தால் அந்தத் துண்டுகள் விரிந்து கிண்ணத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்குமாம். அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டிய பட்டையைத்தான் காணோம். வெறும் இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்திருக்கிறது. “இத்தினி நாளு உன்ன அந்தப் பெருமாளுதான் புட்ச்சினு இருந்துகீறாரு நைனா” என்றார் நைனா.

லாரிக்குப் போடுகிற லைனிங் பட்டை ஒன்றை ரம்பத்தால் அறுத்து அளவாக்கினார். துளை போட்டு, செம்பு ஆணிகளை அதன் தலை வெளியே துருத்தாமல் அடித்து இறக்கினார். மண்ணெண்ணெய் விட்டு அந்த இரும்புக் கிண்ணத்தைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார் சித்தப்பா. என் பலப்பப் பெட்டியிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பட்டையின்மேல் பூசி, உள்ளே வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கே மேடு. அதை அரத்தால் ராவ வேண்டும். மறுபடி பூச்சு, மறுபடி சுற்று. பூசுகிற வேலை என்னுடையது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

அப்பாவும் கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஆர்வமில்லாதவர் மாதிரி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். வேலை முடிந்ததும் நைனா கையைத் துடைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“இன்னா சாமி, எல்லாரும் கேட்டுக்கோங்க. இதும்மேல எண்ணெ மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது. பட்டுச்சினா வழுக்கினு பூடும், வண்டி நிக்காது. அப்பறம் என்ன வந்து பேஜார் பண்ணக்கூடாது.”

சக்கரங்களைக் காலையில் பூட்டிக்கொள்ளலாம் என்று துண்டுகளை அப்படியே சாக்கில் வைத்துவிட்டு, நைனாவை பஸ் ஏற்றிவிட சித்தப்பா போனார். விளக்கு வைக்கிற நேரம். நான் சாக்பீஸ் மிச்சத்தை எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனபோது அப்பா அங்கே குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் தைலக் கிண்ணம். தைலக்காப்பு என்று பெருமாள் திருமேனியில் சாத்திய சந்தனத் தைலத்தில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கு வரும். பூஜை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். அதைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, அந்த அரைவட்டத் துண்டுகளின்மேல் நிதானமாகத் தடவினார். எனக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் இதே மாதிரிதான் தடவுவார்.

எனக்கு வந்த சந்தோஷம்! அப்பாவுக்குக் கோபம் போய்விட்டது, வண்டிக்கு ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று சத்தமில்லாமல் திரும்பி ஓடினேன். எண்ணெய் படக்கூடாது என்று நைனா சொன்னது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்னது கடையில் விற்கிற எண்ணெயை. பெருமாள் தைலத்தைப் போய் யாராவது எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா சக்கரங்களைப் பூட்டினார். பட்டை தைலத்தைக் குடித்துவிட்டிருந்தது; சந்தன வாசனை எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பதுதான். அப்பா கோலமாவை எடுத்து வீட்டு எதிரே தெருவின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டி ஒரு மண்பானையில் தண்ணீர். பானையைத் தொடாமல் வண்டி நின்றால் சித்தப்பா வேலைக்குப் போகலாம். தெருவே வாசலில் கூடிவிட்டது. கோயிலுக்கு வந்தவர்கள்கூட அர்ச்சனைத் தட்டோடு நின்றுவிட்டார்கள்.

சித்தப்பா குளத்தங்கரையிலிருந்து வந்தார். காலைத் தேய்க்கவில்லை, கத்தவில்லை. பழைய சித்தப்பா இல்லை என்று காட்ட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கோட்டுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வண்டி கோட்டைத் தாண்டியது. பானை உடைந்தது. தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது. சித்தப்பா பழைய சிநேகிதனிடம் போகிற மாதிரி நேரே போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. “நிக்கலை” என்றார் அப்பா, அவ்வளவுதான். சித்தப்பா மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. வண்டியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குகிற சத்தம் வாசல்வரை கேட்டது. அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. தம்பி வேலையை விடப்போவதில்லை, வீட்டைத்தான் விடப்போகிறான் என்று அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்திருக்கும். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலைத் துண்டில் முடிந்தபடி வாசலுக்கு வந்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஏன்னா, அவனைப் பெட்டியை வைக்கச் சொல்லுங்கோ. வண்டி நிக்காததுக்கு நான்தான் காரணம். புதுசாச்சே, குளிர்ச்சியா இருக்கட்டும்னு நேத்து சாயந்திரம் பெருமாள் தைலத்தை எடுத்து நான்தான் தடவினேன்.”

பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, பானை உடைந்ததற்குச் சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பிரேக்குக்குத் தைலக்காப்பா! அடுத்து வஸ்திரம் சாத்துவாயா, சுண்டல் நைவேத்தியம் உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பண்ணிய ஆசீர்வாதத்துக்கு இவள் ஏன் பேச்சு வாங்குகிறாள்? “அம்மா, அப்பாதானே...” என்று ஆரம்பித்தேன். என் தோளில் விழுந்தது பாருங்கள் ஒரு கிள்ளு, இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

சித்தப்பா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றினார். துண்டுகளில் கொஞ்சம் பெட்ரோலை விட்டு, நடுத்தெருவில் வைத்துக் கொளுத்தினார். பட்டை குடித்த எண்ணெயை எரித்துத்தான் எடுக்க முடியுமாம். மஞ்சளாக எரிந்தது. தெரு முழுக்க சந்தனம் மணத்தது. இரண்டு பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா தானே உள்ளே போய் உப்புத்தாள் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே, குந்தி உட்கார்ந்து ஒரு துண்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மத்தியானம் மறுபடி கோடு, வேறு பானை. இந்தத் தடவை வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமே முளையடித்த மாதிரி நின்றது. நின்ற வேகத்தில் சித்தப்பாதான் நிற்க முடியாமல் ஹேண்டில்பாரின்மேல் கவிழ்ந்து, மூக்குக்குக் கீழே பானைத் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்தார். நான் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பா பானையை எடுத்துத் தண்ணீரை ஓரமாகக் கொட்டினார். “நாளைக்குச் சீக்கிரம் கிளம்பு. லாரிக்காரனோட போட்டி போடாதே” என்றார்.

சித்தப்பா பல வருஷம் அந்த வண்டியில் போய்வந்தார். உற்சவ நாட்களில் இடப்பக்கம் தோளும் கொடுத்தார். பெருமாள் ஒருக்களிக்காமல்தான் வீதி வந்தார். அம்மாவின் தைலக்காப்பு மட்டும் எந்தக் கல்யாணத்திலும் எந்தச் சீமந்தத்திலும் பேசாமல் விடப்படவில்லை. அவளும் சளைக்காமல் சிரிப்பாள். நானோ எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: அப்பாவும் தடவியிருக்கிறார், அது தெரியாமல் அம்மாவும் தடவியிருக்கிறாள். இரண்டு கை எண்ணெய் பட்டால் வழுக்காமல் என்ன செய்யும்?

மாதத்தில் மூன்று நாள் அம்மா மாட்டுக்கொட்டகைக்கு எதிரே இருந்த சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால் காக்கா தொட்டுவிட்டது என்பார்கள். அந்தக் காக்காயை நான் கல்லால் அடிக்கத் தேடியதுண்டு. அந்தக் காக்கா யார் என்று எனக்குத் தெரிந்து பல வருஷம் கழித்து, என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஒருநாள் சும்மா யோசித்தபோதுதான் சட்டென்று விளங்கியது. அந்த சனிக்கிழமை அம்மாவுக்கு மூன்றாம் நாள்; ஞாயிற்றுக்கிழமை காலைதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். எதிர் அறையிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் எதையும் தொட்டிருக்க முடியாது. பூஜை அலமாரிப் பக்கம் அவள் நிழல்கூடப் படக்கூடாத நாள் அது. அந்த நாளில் பெருமாள் தைலத்தைத் தொட்டேன் என்று அவள் வாசலில் நின்று சொல்கிறாள்; ஆசாரத்தில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத என் அப்பா, எப்படித் தொட்டாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அவள் சொன்னதை நம்பியவள் நான் ஒருத்திதான்.