மஞ்சள் கார்டும் நான்கு விநாடியும்

போன வாரம் என் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்படியெல்லாம் சுத்தம் பார்க்கிற ஆள் இல்லை, என் அறைக்கு வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டிஸ்க்கின் முனையில் பச்சை பூத்துப்போய், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. ரிப்பேர் கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, இதைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள் என்றார். மூடியைத் திறந்தேன். சில்லென்று மூக்கில் ஏறியது அந்த வாடை. அவ்வளவுதான், எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. கையில் வெள்ளை உறை, எதிரே பெல்ட்டில் கறுப்புக் கறுப்பாக சார்ஜர்கள் ஊர்ந்து வருகின்றன.

ஐபிஏ என்போம் அதை. ஸ்பிரிட் மாதிரி ஒரு திரவம். பென்னலூர் பக்கம் செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலையே அதுதான். பெல்ட்டில் வருகிற சார்ஜரை எடு, ஐபிஏ தொட்ட துணியால் கைரேகையைத் துடை, அடுத்தவரிடம் தள்ளு. எட்டு மணி நேரம் மற்றவர்களின் ரேகையை அழித்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டாலும் சோற்றில் அந்த வாடை இருக்கும்.

டிஸ்க்கைத் தேடி எடுக்க வைத்தவர் நிவேதா. சென்னையில் ஒரு சின்ன இசை வெளியீட்டு நிறுவனம் நடத்துகிறார். நான் இப்போது கம்ப்யூட்டரில் மின்னணு இசை செய்கிறவன், டிஜே, இன்னும் என்னென்னவோ சொல்கிறார்கள். "சார், உங்க பழைய பஸ் மிக்ஸ் எல்லாத்தையும் சேத்து ரிலீஸ் பண்ணலாம்" என்றார். அட்டையில் போட ஒரு குறிப்பும் எழுதி அனுப்பியிருந்தார். 'தொழிற்சாலைக்குள் நேரடியாகப் பதிவு செய்யப்பட்ட இயந்திர ஒலிகள்' என்று தொடங்கியது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரடியாவது பதிவாவது. போனுக்குச் சார்ஜர் செய்கிற கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டு டோக்கன் கொடுப்பார்கள். அதனால் லைனில் கேட்ட சத்தங்களை நான் விரலில் எடுத்துக்கொண்டு வருவேன். டெஸ்ட் மேடையில் பீப் வர எத்தனை எண்ணிக்கை, ஸ்க்ரூ கன் எத்தனாவதில் உறுமும், லேபிள் மெஷின் எப்போது இருமும் என்று தொடையில் தட்டித் தட்டி மனப்பாடம். வீட்டுக்கு வந்து அம்மாவின் டிபன் டப்பாவில் தட்டி போனில் பதிவு செய்வேன். இன்றைக்கு வெளிநாட்டுக்காரன் ஒருவன் சிலாகிக்கிற அந்த ஸ்க்ரூ கன் சத்தம், உள்ளபடிக்கு வாலாஜாபாத் சலூனில் கிருதா வழிக்கிற டிரிம்மர்.

பஸ் மிக்ஸ் என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் வாலாஜாபாத்தில் கிளம்பும்போது டீக்கடைக்காரர் பாய்லரைத்தான் பற்றவைத்துக்கொண்டிருப்பார். பஸ்ஸை ஓட்டிய முனுசாமி அண்ணன் எங்கள் தெரு. பழைய பாட்டாகப் போட்டுத் தூங்க வைக்கிறாரே என்று நான் என் தாளங்களைக் கோத்து ஒரு பென் டிரைவ் செய்து கொடுத்தேன். ஐம்பத்தைந்து நிமிடம், எங்கள் ரூட்டின் அளவுக்கே தைத்தது. வாலாஜாபாத்தில் எல்லாரும் கண்ணாடியில் தலை முட்டத் தூங்குவார்கள், அதற்கு ஒரு முனகல். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல் பெண்கள் ஏறும்போது தாளம் தொடங்கும். ஸ்ரீபெரும்புதூர் நெருங்கினால் வேகம் ஏறும். கம்பெனி கேட்டில் பிரேக் அடிக்கும்போது கடைசி அடி விழ வேண்டும். லாரி குறுக்கே வந்து தாமதமானால் முனுசாமி அண்ணன் என்மேல் பாய்வார். "இன்னாபா நீ, நான் இன்னும் சத்திரமே தாண்டல, அதுக்குள்ள ஏத்தி வுட்டுக்கினு கீற." பாட்டுக்குத் தக்கபடி பஸ்ஸை ஓட்டின மனிதர் அவர். என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு மரியாதை எந்த மேடையிலும் கிடைத்ததில்லை.

சத்திரத்தில் ஏறுகிறவர்களில் ஒருத்தி முத்துக்கனி. திருச்செந்தூர் பக்கத்து ஊர். ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் வந்தவள், ஏஜென்சி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என் லைனில் டெஸ்ட் மேடை. ஏறியதும் தூங்கிக்கொண்டிருக்கிறவர்களை எல்லாம் அதட்டுவாள். "ஏட்டி, எந்திரிங்கட்டி. சத்திரம் வந்துட்டு, இன்னும் என்ன ஒறக்கம்." கனிக்கு ஒரு வித்தை உண்டு. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். என்னை எனக்கே பேசிக் காட்டியிருக்கிறாள், இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை நான்.

இப்போது மஞ்சள் கார்டு. எங்கள் லைனில் நாற்பது பேர். சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரே ஒரு மஞ்சள் அட்டை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அட்டை ஆணியில் இல்லையா, யாரோ போயிருக்கிறார்கள், நீ காத்திரு. வயிற்றுவலியோ மாதவிலக்கோ, காத்திரு. சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். கேட்டால் முகத்தையே பார்க்காமல், மூக்கால், இழுத்து இழுத்துச் சொல்வார்: "கார்டு வரட்டும்... கார்டு வரட்டும்..." வளர்ந்த பெண்கள் காலை மாற்றி மாற்றி நின்று வேலை செய்ததை நான் பார்த்தேன். ஒருத்தி நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் பெல்ட்டில் ஆறு சார்ஜர் தேங்கிவிட்டது என்று அதற்கும் திட்டினார் அந்த ஆள். நாசமாய்ப் போனவன். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அழுத பெண் ஜன்னலோரம் துப்பட்டாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கால், அச்சு அசலாக, "கார்டு வரட்டும்... கார்டு வரட்டும்..." என்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அப்புறம் பஸ் முழுக்க. முனுசாமி அண்ணனே ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் போனை நீட்டினேன். "இன்னொரு தடவ சொல்லு கனி." சொன்னாள். பின்னால் டீசல் இரைச்சல், யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம், நடுவில் அவள் குரல். நான்கு விநாடி.

அந்த வாரமே ஒரு டிராக் செய்தேன். டிபன் டப்பா, டிரிம்மர், பீப் எல்லாம் ஏறிக்கொண்டே போகும். உச்சியில் சட்டென்று நிற்கும். எட்டுத் தட்டு இடைவெளியில் கனி மட்டும் மூக்கால் பேசுவாள். பிறகு தாளம் இடி மாதிரி விழும். 'மஞ்ச கார்டு' என்று பேர் வைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி அது வருகிற இடத்தில் பஸ்ஸே அவளோடு சேர்ந்து மூக்கால் பேசும். முனுசாமி அண்ணன் அதை மற்ற டிரைவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஓரகடம் போகிற பஸ்ஸிலெல்லாம் ஓடியது. எனக்கு மண்டைக் கனம். பைலில் எங்கும் என் பேரை மட்டும் போடவில்லை. அது அடக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சூப்பர்வைசர், ரிப்போர்ட் எங்கே என்று ஓர் ஆபரேட்டரைக் கேட்டார். அவன் வாய் தவறி, மூக்கால், "கார்டு வரட்டும்" என்றுவிட்டான். லைனே சிரித்துவிட்டது. மறுநாள் எங்கள் பஸ்காரர்கள் அத்தனை பேரையும் டிரெயினிங் ரூமில் நிறுத்தினார்கள். ஹெச்.ஆர். அதிகாரி லேப்டாப்பில் என் டிராக்கைப் போட்டார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் என் தாளம் தகரம் மாதிரி கேட்டது, கனியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"யார் குரல் இது?" என்று கேட்டார். சொல்லும்வரை ஒருத்தரும் உட்காரக் கூடாது என்றார். அழுத பெண்ணும் நின்றாள். நான் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் குரல்தான் சார்" என்றாள் கனி.

"பாட்டு செஞ்சது யாரு?"

"தெரியாது சார். பஸ்ல ஓடிச்சி."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை அவள். ஒரு வார்த்தை, 'நான்தான் சார்' என்று ஒரே ஒரு வார்த்தை, என் தொண்டைவரை வந்தது. நாக்கு எழும்பவில்லை. எனக்கு மாத முடிவில் பெர்மனன்ட் ஆகிறதாகப் பேச்சிருந்தது.

கம்பெனி அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. அப்படித்தான் சொன்னார்கள். ஏஜென்சி அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டதாம். என்ன ஒரு நாசூக்கு. ஹாஸ்டல் ஏஜென்சியுடையது, அதனால் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் நாங்கள் திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு ரெக்சின் பையோடு வெயிலில் நின்றிருந்தாள். முனுசாமி அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் பேசி, போன் நம்பர் வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பஸ் சத்திரத்தைத் தாண்டும்வரை கட்டினேன்.

வீட்டுக்குப் போய்ச் செய்த முதல் காரியம், போனிலிருந்த அந்தப் பதிவை அழித்தேன். டிராக்கைத் திறந்து கனியின் குரலை மட்டும் வெட்டி எறிந்தேன். அந்த எட்டுத் தட்டையும் சேர்த்து வெட்டினால் பின்னால் வருகிற தாளம் குழம்பும், அதைச் சரிசெய்யப் பொறுமை இல்லை, பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டேன். வேறு பேரில் சேமிக்கவும் இல்லை. பழைய பைலின் மேலேயே அமுக்கினேன். மறுநாள் முனுசாமி அண்ணனைப் போட்டு நச்சரித்து, மற்ற டிரைவர்களிடமிருந்த பென் டிரைவ்களையும் ஒன்றுவிடாமல் வாங்கி அழித்தேன். ரேகை துடைக்கிற வேலையில் நான் கெட்டிக்காரன்.

பெர்மனன்ட் ஆனேன். ஒன்றரை வருடத்தில் கம்பெனியையே மூடிவிட்டுப் போனார்கள்.

பிறகு நான் சென்னைக்கு வந்து, குரலில்லாத அந்த டிராக்கை இணையத்தில் ஏற்றினேன். பிரபலமானது. எதனால் என்கிறீர்கள், அந்த நான்கு விநாடியால். மேடையில் வாசித்தால் அந்த இடத்தில் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தாளம் விழுந்ததும் குதிக்கிறார்கள். நிவேதாவின் குறிப்பில் கடைசி வரி என்ன தெரியுமா? 'அந்த மௌனம் உழைப்பவரின் களைப்பைப் பேசுகிறது.' பேசுகிறதாம். ஒரு பயந்தாங்கொள்ளி கத்தரித்த பள்ளம் அது. கைதட்டுகிறவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து வணக்கம் வைத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

துடைத்த டிஸ்க் திறந்தது. இரண்டு நாள் குடைந்தேன். டிபன் டப்பா தட்டியது முப்பது விதமாக இருக்கிறது. டிரிம்மர் இருக்கிறது. நான் தும்மியதுகூட இருக்கிறது. அவள் இல்லை. முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "எல்லாத்தையும் நீதானேபா வாங்கிக்கினு போன? இப்ப என்னாண்ட கேட்டா?" என்றார். கனியின் நம்பரை மட்டும் கொடுத்தார்.

என் பேரைச் சொன்னதும், "வாலாஜாபாத் அண்ணனா? எப்பிடி இருக்கிய?" என்றாள். கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாளாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அண்ணே, அந்த மஞ்ச கார்டு பாட்டு மொதல்ல போட்டிய பாருங்க, அது இருக்கா? எம்மவ ஏழாப்பு படிக்கா. அவ போன்ல ஒங்க பாட்டு ஓடிச்சி. இதுல அம்ம குரலு வரும்ட்டின்னேன். முழுசும் கேட்டுட்டு, எங்க வருதும்மா, சும்மா கத விடாதங்கா. அத மட்டும் அனுப்புங்கண்ணே."

"அனுப்பறேன்" என்றேன். இரண்டாவது தடவையும் அதே நாக்கு.

அன்று மத்தியானம் பென்னலூர் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, எந்த மடையன் அங்கே குரலைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பான். கம்பெனி இருந்த இடம் இப்போது குடோன். போன் வாங்கி வைக்கிற மரப்பெட்டி இல்லை, கேட்டும் வேறு. சத்திரத்தில் பஸ் ஸ்டாப் நிழற்குடை இடம் மாறிவிட்டது. எங்கள் பஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். இவையெல்லாம் தானாகப் போனவை, அவற்றின்மேல் எனக்கு வருத்தம்கூட இல்லை. ஒன்றை மட்டும் நான் உட்கார்ந்து, யோசித்து, கையால் அழித்தேன்.

நிவேதாவுக்கு எழுதினேன்: அந்தக் குறிப்பைத் தூக்கிப் போடுங்கள். 'இந்த இடத்தில் முத்துக்கனி பேசினார். அழித்தவன் நான்' என்று போடுங்கள், இல்லையென்றால் ரிலீஸ் வேண்டாம். எழுதி முடித்ததும் பெரிய யோக்கியனாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் கனியைக் கூப்பிட்டேன்.

"கனி, அது இல்ல. நான்தான் அழிச்சிட்டேன். அன்னிக்கே. பயத்துல."

கடையில் யாரோ நெத்திலி கேட்டார்கள்.

"நீங்களா?" என்றாள். "கம்பெனிக்காரன் பிடுங்கிட்டான்னுல்லா இத்தன நாளும் நெனச்சிட்டிருக்கேன்."

"அட்டையில உன் பேரப் போடச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

"பேரு எதுக்குண்ணே? அத வச்சி எம்மவ என்னத்தக் கேப்பா?" என்றாள். பிறகு, வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி நிதானமாக, "சரிண்ணே. 'நீ சொன்னதுதான் சரிட்டி, அம்ம சும்மா கததான் விட்டேன்'னு அவகிட்ட சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.