ரதி வேஷத்தில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவர். பதுளையிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். மலையில் அவர் குரல் கேட்டால் கொழுந்து எடுக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கூடையில் முற்றின இலை ஒன்று கிடந்தால் போதும், அந்தப் பெண்ணின் அப்பன் பாட்டன் எல்லாரையும் வரிசையாக இழுத்துவிடுவார். வீட்டில் அந்தப் பேச்சும் கிடையாது. சோறு, தண்ணீர், விறகு என்று மூன்றே வார்த்தைகளில் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். நானோ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் எழுத்துப் படித்தவள், போதாததற்கு வாய்க்காரி. எனக்கு வாய்த்தது இப்படி ஓர் ஆள்.

இந்த மனுஷர்தான் மாசி மாதம் பிறந்தால் மீசையை மழித்துக்கொண்டு ரதியாக மாறிவிடுவார்.

எங்கள் மலைப்பக்கத்தில் காமன் கூத்து ஆடாத தோட்டத்தைப் பார்ப்பது அபூர்வம். காமனும் ரதியும் ஜோடியாக எங்கள் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி எடுப்போம். கடைசியில் சிவன் கண்ணைத் திறந்து காமனை எரித்துவிடுவார். அப்புறம் ரதி சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். கூத்தே அந்த அழுகைக்காகத்தான் என்று நான் சொல்வேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் என் வீட்டுக்காரரின் அழுகையைக் கேட்க ஆட்கள் நடந்து வருவார்கள்.

காப்புக் கட்டின நாளிலிருந்து அவிழ்க்கிற நாள் வரைக்கும் ரதி வேஷக்காரர் எங்களுக்கு ஆம்பிளை இல்லை. இது எங்கள் தோட்டத்து வழக்கம். பெண்கள் அவருக்கு மஞ்சள் பூசி, தலைவாரி, பூ வைத்துவிடுவார்கள். முந்தின வாரம் அவரிடம் திட்டு வாங்கி முந்தானையில் மூக்கைச் சிந்தினவளே முதல் ஆளாகப் பூவை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவரும் எல்லாப் பெண்களையும் "அக்கா" என்று கூப்பிடுவார். என்னையும்தான். வீட்டுக்கு வரமாட்டார், கோயிலை ஒட்டின கொட்டகையில் தங்குவார். கலியாணமான முதல் வருஷம் அவர் என் வாசலில் ஆடிவந்து, தலையைக் குனிந்து, "சௌக்கியமாக்கா" என்று மெல்லக் கேட்டபோது எனக்கு ஆரத்தி சுற்றுகிறதே மறந்துபோனது. அப்படி ஒரு தன்மையான குரலை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, காப்பு அவிழ்த்த பின்னாலும் கேட்டதில்லை. நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்ற குழப்பம் அன்றைக்குப் பிடித்தது.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கார்த்திகை மழையில் எங்கள் பெண் குழந்தை செத்துப்போனாள். மூன்று வயது. நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை.

பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் ஒப்பாரி வைத்தேன். யோசித்துச் சொன்னது இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

"கம்பளியப் போத்திவிட்டா காலால ஒதைப்பியே,
மண்ணப் போத்திவிட்டாக, மறுக்காமப் படுத்தியே."

அவள் அப்படித்தான். எவ்வளவு குளிரானாலும் கம்பளி அவளுக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் லயத்துக்கு வெளியே, தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அடக்கம் பண்ணிவிட்டு வந்து கால் கழுவினார். மறுநாள் விடியும்போது வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அவர் ஆள் பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது, வழக்கமான அதே குரல். அன்றைக்கு என் மனசு அவரை விட்டுப் போய்விட்டது. அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு வீட்டில் குழந்தையின் பேச்சையே எடுக்கமாட்டார். நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார். இரண்டு மாதம் பார்த்தேன். லுணுகலைத் தோட்டத்தில் இருக்கிற என் அண்ணனுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், ஒரேயடியாக.

இதற்கு நடுவில்தான் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். சாவு நடந்து வருஷம் திரும்பாத வீட்டு ஆள் காப்புக் கட்டக்கூடாது, இந்தத் தடவை ரதியை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று கூத்து வாத்தியார் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லையாம். மூன்று நாள் தொடர்ந்து, வேலை முடிந்ததும் வாத்தியார் வாசலில் போய் நின்றாராம். யார் வீட்டு வாசலிலும் நிற்காத மனுஷர்.

"ஒருத்தர்கிட்டயும் இப்புடிக் கெஞ்சுனதில்லயேடி அவரு. கடைசில வாத்தியாரு சாமிகிட்ட பூப் போட்டுக் கேட்டு, சரின்னுட்டாரு" என்றாள் அக்கா.

"புள்ள செத்து மூணு மாசம் ஆகல. அவருக்குச் சேலையும் வளவியும் கேக்குதோ" என்றேன்.

அண்ணன் வந்து சேர்ந்தது காப்புக் கட்டின அன்று சாயங்காலம். ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம். காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்துக்காரர் யாரும் எல்லை தாண்டித் தங்கக்கூடாது. தாண்டினால் வேஷக்காரருக்கு ஆகாது என்பார்கள். ஆகாமல் போகட்டுமே என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. ஆனால் அண்ணன் பயந்தார்.

"காப்பு அவுக்குற அன்னிக்கு வாரேன் தங்கச்சி. நீ மூட்டையக் கட்டி வையி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் அன்றைக்கே மூட்டையைக் கட்டி வைத்துவிட்டேன்.

கடைசி ராத்திரிக் கூத்தில் காமனை எரித்து முடிக்கும்போது விடிந்துவிட்டது. மலை முகட்டில் வெயில் பட ஆரம்பித்திருந்தது. நான் போவதாக இல்லை. வீட்டுக்கு ஒரு பெண்ணாவது போய் ரதியைக் கட்டிக்கொண்டு அழவேண்டும், அது சாவு வீட்டு முறை. அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூட்டை வீட்டில் தயாராக இருக்கிறது என்ற தைரியம்.

ரதி அவிழ்ந்த தலையோடு சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கமான பாட்டுகளைப் பாடினாள். இங்கே அவர் என்று எழுதக் கை வரவில்லை. பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். எனக்குக் கண் காய்ந்தே இருந்தது. நடிப்புத்தானே, வருஷா வருஷம் பார்க்கிறதுதானே என்று மனசைக் கெட்டியாக வைத்திருந்தேன்.

திடீரென்று பாட்டு நின்றது. மத்தளக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். ரதி சாம்பலைத் தடவிக்கொண்டே, மெட்டில்லாமல், மெல்லச் சொன்னாள்.

"கம்பளியப் போத்திவிட்டா காலால ஒதைப்பியே,
மண்ணப் போத்திவிட்டாக, மறுக்காமப் படுத்தியே."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. முதலில் வந்தது கோபம்தான். என் வயிற்றிலிருந்து வந்த சொல்லை எடுத்துக்கொண்டுபோய்க் கூத்தில் கடை விரிக்கிறாரே என்று பதறினேன். அடுத்த நிமிஷம் வேறொன்று உறைத்தது. முதுகைக் காட்டிக்கொண்டு கான் ஓரத்தில் இருந்த மனுஷர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒரு சொல் பிசகாமல் மூன்று மாதம் உள்ளே வைத்திருந்திருக்கிறார். இரண்டில் எது சரி என்று புரியாமல் நின்றேன். சுற்றிலும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

வரிசையாகப் போய் ரதியைக் கட்டிக்கொண்டார்கள். என் முறை வந்தது. போய் உட்கார்ந்து கழுத்தைக் கட்டினேன். அரிதாரமும் வாடின பூவும் மணத்தது, அதற்குக் கீழே அவருடைய வேர்வை. காதோரமாகக் கேட்டேன்.

"யாருக்கு அழுவுறீங்க?"

ரதி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தன்மையான குரலில் சொன்னாள். "எம் புள்ளைக்குக்கா. எங்க வீட்டு ஆம்பளைக்கு அழத் தெரியல. நாந்தான் அழணும்."

கதையில் ரதிக்குப் பிள்ளை கிடையாது. எரித்தது அவள் புருஷனை. அழுதேன். இரண்டு பேரும் அழுதோம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்துக்கொண்டே நின்றார்கள். என் பிள்ளைக்காக என்னோடு சமமாக அழுத ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாம் நாள் காமனை எழுப்பினார்கள். ரதிக்குப் புருஷன் திரும்பக் கிடைத்தான், கொட்டு முழங்கியது. எங்களுக்கு யார் எழுப்பித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். காப்பை அவிழ்த்ததும் வாத்தியார் என் வீட்டுக்காரரை ஆள் கூட்டத்தில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"எரிஞ்சு சாம்பலாப் போனவனுக்கு ஏதுய்யா மண்ணு? ஏதுய்யா கம்பளி? காமன் என்ன கைப்புள்ளையா?"

"பாட்டு மறந்துபோச்சு வாத்தியாரே. வாயில வந்ததச் சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர். அது மலையில் கத்துகிற குரல். ரதியின் குரல் எங்கே போனது என்று தேடினேன்.

வீட்டுக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, "அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்களே" என்று ஆரம்பித்தேன்.

"கூத்துல ஆயிரம் வரும். அதக் கிண்டாத" என்றார். அவ்வளவுதான். செம்பைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டார்.

அழுகை நிஜமா, இந்த முகம் நிஜமா? பாட்டு மறந்ததா, இல்லை அந்த ஒரு பாட்டுக்காகத்தான் மூன்று நாள் வாத்தியார் வாசலில் நின்றாரா? கேட்டால் சொல்லமாட்டார். சொல்லக்கூடிய ஆள் காப்போடு சேர்ந்து போய்விட்டாள். பக்கத்துக் காம்பராவுக்குப் போய் அக்காவிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "சில ஆம்பளைக்கு அழுவுறதுக்கு ஒரு சேல வேணும்போலடி" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைத்தாள். அவளுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மத்தியானம் அண்ணன் வந்தார். இருட்டுவதற்குள் லுணுகலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவசரப்பட்டார். உட்காரக்கூட இல்லை, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கெளம்பு தங்கச்சி."

நான் வாசலில் நின்றேன். "நான் வரலண்ணே" என்றேன்.

"என்னா வெளையாடுறியா? நீதானே சொல்லிவிட்ட, இந்தாளோட இனிமே இருக்க முடியாதுன்னு?"

"இவரு மட்டும்னா விட்டுட்டு இப்பவே வந்துருவேன். எம் புள்ளைக்காக என்னோட சேந்து அழுதவ ஒருத்தி இங்க இருக்கா. அவள விட்டுட்டு வர முடியலண்ணே."

அண்ணன் புரியாமல் பார்த்தார். "யாரு, பக்கத்துக் காம்பராக்காரியா?"

எப்படி விளக்குவது? "ஆமாண்ணே" என்றேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். உள்ளே மனுஷர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நான் மூட்டையை அவிழ்க்க உட்கார்ந்தேன். அடுத்த மாசிக்கு இன்னும் முழுசாக ஒரு வருஷம் இருந்தது.