பாடு வந்த அன்று பிக்கப் இல்லை

பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவரும் எங்கள் ஊரில் பேசும் இங்கிலீஷ், பிக்கப். பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கும் மகளை பிக்கப் பண்ணுவார்கள். போனை மட்டும் பிக்கப் பண்ண மாட்டார்கள். இறால் வரத்து குறைந்தால், "மழ வுட்டா பிக்கப் ஆய்டும்" என்று ஒருவருக்கொருவர் தெம்பு சொல்லிக்கொள்வார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைக்கூட, "இப்ப கொஞ்சம் பிக்கப் ஆய்ட்டாரு" என்பார்கள். இதையெல்லாம் கேட்டு ரசிக்கிற ஆள்தான் நான். எங்கள் பாடு வந்த அன்றோடு அந்த ரசனை போயிற்று.

ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்களில் முறை வைத்துத்தான் வலை கட்டுவோம். அந்த முறைக்குப் பெயர் பாடு. கடல் ஓதம் மாறித் தண்ணீர் திரும்புவதற்குள் போய்ச் சேராவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி ஊரெல்லாம் சுற்றித்தான் நம்மிடம் வரும்.

முகத்துவாரத்தை ஒட்டிய இடம் எங்களுக்கு விழுந்திருந்தது. முந்தின நாள்தான் மெக்கானிக் மோட்டாரைச் சரிசெய்து தந்திருந்தான். "பிக்கப் பிச்சிக்கும்ணா!" என்றான். நானும் அதையே வீட்டில் சொன்னேன். அதை நம்பி, வலைக்கு இடம் வேண்டுமென்று, என் மனைவியின் தம்பி தள்ளுகழியைக் கரையிலேயே போட்டுவிட்டான்.

நடு ஏரியில் மோட்டார் உறுமியது. படகு நகரவில்லை.

"இன்னா மாமா, எரும தண்ணில படுத்தாப்ல கீது?"

"கழி எங்கடா?"

"பிக்கப் கீதுன்னு நீதான சொன்ன!"

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. சேறு காலை இழுக்கும், இறங்கித் தள்ளவும் முடியாது. உட்காரும் பலகையைக் கழற்றித் துடுப்பாகத் துழாவிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு அடுத்து பாடு உள்ளவர் என் பெரியப்பா மகன். பின்னாலேயே வந்தார்.

"கட்டி இழுத்துனு போணா!" என்று கத்தினேன்.

"உன்ன இழுத்தா ரெண்டு பேருக்கும் இல்ல நைனா. தண்ணி திரும்பப் போவுது."

சொன்னது நியாயம். அதுதான் வயிற்றெரிச்சல், திட்டக்கூட வழியில்லை.

அந்த இடத்தில் தன் வலையைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து, கயிறு வீசினார். "புடி, பிக்கப் பண்ண வந்துகீறேன்!"

மச்சான் சிரித்தான். எங்கள் படகிலிருந்துகொண்டு சிரித்தான்!

கரையில் என் மனைவி கூடையோடு நின்றிருந்தாள். காய்ந்த வலையைப் பார்த்தாள். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மெக்கானிக்கின் போன் வந்தது.

"எடேன், இன்னாதான் சொல்றான்னு பாப்போம்" என்றாள்.

நான் எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.