அடுத்தவன் கை வைத்த இன்ஜின்

தொண்டியில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் உக்கிரபாண்டிக்கு வயிற்றெரிச்சல் ஒரு நோய் அல்ல. அவரை ஓட்டுகிற டீசல். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை கடற்கரைக்கு வந்து சேர்ந்ததே அந்த டீசலில்தான். பாகப்பிரிவினையில் கிணறும் பம்புசெட்டும் அண்ணன் காளிதாஸுக்குப் போயின. அண்ணன் வயலில் தண்ணீர் பாய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தன் மிளகாய்க்குக் களை வெட்ட இவரால் முடியவில்லை. கிளம்பிவிட்டார். பம்புசெட் தெரிந்தவருக்குப் படகு இன்ஜின் தெரியாதா என்று தொண்டியில் யாரோ கேட்டார்கள். தெரியும் என்றார். பாதி உண்மை.

அன்றிலிருந்து தாஜுன்னிசாவின் படகு இவர் பொறுப்பு. கணவர் சவுதியில் இருக்க, படகைத் தானே நின்று நடத்துகிறவர் தாஜுன்னிசா. படகில் இருப்பது எந்தக் காலத்திலோ லாரியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின். புகையும் இருமலுமாக ஓடும். இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பு வருஷா வருஷம் பேரிங்கைத் தின்னும். "அது இந்த இன்ஜின் ராசி" என்பார் உக்கிரபாண்டி. எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது, இன்ஜினில் கடைசியாகக் கை வைத்தவர் கூடவே போகவேண்டும். கோளாறு வந்தால் அவரும் சேர்ந்து நடுக்கடலில் தவிக்கட்டும் என்று விவரமான யாரோ செய்துவைத்த ஏற்பாடு. உக்கிரபாண்டிக்கோ அது பட்டாபிஷேகம். இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து போவார். கரை திரும்பியதும், குழம்புக்கென்று கொடுக்கிற பெரிய மீனைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவைத் தேவையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார்.

இந்த வருஷம் தடை முடிகிற சமயத்தில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. மறுநாளே திரும்பியிருக்க வேண்டியவர். ஆனால் அண்ணன் சோலார் பம்பு போட்டிருந்தார். டீசல் இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் கொட்டுகிறது. ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் எப்படிக் கிளம்புவது? செல்போன் அடிப்பது கூடக் காதில் விழாமல் ஒரு வாரம் அந்தப் பம்பையே சுற்றிவந்தார். குறை கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு தொண்டிக்கு வந்தால், படகு கட்டும் ஜெட்டியில் அவருடைய படகு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. இருமல் இல்லை. கரும்புகை இல்லை.

"என்ன தங்கச்சி, சத்தம் ஒரு மாதிரி இருக்கு?"

"நல்லாத்தானண்ணே இருக்கு? போனைப் போட்டா நீங்க எடுக்க மாட்டேங்குறீக. அதான் மெக்கானிக்கு சீனி முகம்மது அண்ணனக் கூப்புட்டேன். டீசல் பீச்சுற நாசில் எல்லாம் பாத்து, தண்ணி பம்பு பெல்ட்டு ரெண்டையும் மாத்திட்டாக. புகையே காணோம், பாத்தீகளா?"

சீனி முகம்மது அண்ணனாம். இத்தனை வருஷமாக அந்தப் படகில் அண்ணன் என்றால் ஒரே ஆள்தான்.

"ரெண்டையுமா மாத்துனான்? ஒண்ணு நல்லாத்தானே இருந்துச்சு! நல்ல பெல்ட்டைக் கழட்டுன கை வெளங்குமா?"

இன்ஜின் பள்ளத்துக்குள்ளிருந்து சீனி முகம்மதின் தலை மட்டும் மேலே வந்தது. "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னு போட்டா, புதுசுதான் பாரம் பூரா இழுக்கும் பாண்டியண்ணே. பழசு, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி சும்மா கூட ஓடும்."

படகே சிரித்தது. பதில் சரியாக இருந்ததுதான் உக்கிரபாண்டியால் பொறுக்க முடியாத விஷயம்.

சாயங்காலம் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் சீனி முகம்மது அஸர் தொழுகைக்குப் போனார். படகில் ஆளில்லை. 'சும்மா பார்த்துட்டு வரலாம்' என்று உக்கிரபாண்டி இறங்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஒரு விரல் பருமன் அமிழ்ந்தது. மனம் குளிர்ந்துவிட்டது. தொளதொளப்பு! அவர் வளர்ந்த ஊரில் பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், தண்ணீர் நிற்கும், பயிர் காயும், அய்யாவிடம் அடி விழும். பெல்ட் என்றால் சுண்டியதும் 'டங்' என்று கேட்கவேண்டும். ஸ்பேனரை எடுத்தார், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஆல்டர்னேட்டரை நெம்பினார், இறுக்கினார். டங். கடைசியாகக் கை வைத்தது யார் என்ற நினைப்பும் அப்போது வந்தது. தற்செயலாகத்தான்.

சாயங்காலம் டிரைவர் பாண்டீஸ்வரன் இன்ஜினைக் கிளப்பி ரேஸ் கொடுத்தார். முதலில் கொசு போல் ஒரு ரீங்காரம். பிறகு அது பன்றிக்குட்டியின் அலறலானது. சீனி முகம்மது தண்ணீர் பம்பின் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏலே, நிறுத்துலே! பேரிங்கு கொதிக்குது!"

இன்ஜின் நின்றது. பெல்ட்டைச் சுண்டினார். டங். நிமிர்ந்து உக்கிரபாண்டியைப் பார்த்தார். வருஷா வருஷம் பேரிங் போனது இந்த இறுக்கத்தால்தான் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"என்னண்ணே சத்தம்?" தாஜுன்னிசா ஜெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. புதுப் பெல்ட்டுல்ல, நாந்தான் கொஞ்சம் கூட இறுக்கிப்புட்டேன்" என்றார் சீனி முகம்மது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு தப்பித்தோம் என்று நகர்ந்திருப்பார். உக்கிரபாண்டிக்கு உள்ளே பற்றிக்கொண்டது. இன்ஜினைப் பிடுங்கினான், அண்ணன் பட்டத்தைப் பிடுங்கினான். இப்போது பெருந்தன்மையும் இவனுக்கா?

"பொய்யி!" என்று கத்தினார். ஜெட்டி முழுக்கத் திரும்பியது. "அவன் இறுக்கல. நாந்தான் இறுக்குனேன்! வருஷா வருஷம் பேரிங் போனதும் என் கையாலதான்!"

உண்மை பேசுவதற்குப் பெரியவர்கள் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காரணம் அதில் கிடையாது.

தாஜுன்னிசா படகுக்குள் இறங்கி வந்தார். "அப்ப இன்ஜின் ராசின்னு சொன்னதெல்லாம்?"

"ராசிதான் தங்கச்சி. இன்ஜினுக்கு இல்ல, எனக்கு."

"சரி. இறுக்குன கையே எளக்கட்டும்."

சீனி முகம்மது பெல்ட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். உக்கிரபாண்டி ஸ்பேனரைத் திருப்பினார். "இன்னும்... இன்னுங்கொஞ்சம்... ம், போதும்ணே."

மறுபடி கிளப்பினார்கள். அலறல் இல்லை.

பாண்டீஸ்வரனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, இப்பக் கடைசியாக் கை வச்சது யாரு? ஸ்பேனர் பிடிச்சவரா, வெரல் வச்சவரா?"

தாஜுன்னிசா யோசிக்கவே இல்லை. "ஸ்பேனர் பிடிச்சவுக கடலுக்குப் போகட்டும். மீனு வெரல் வச்சவுகளுக்கு."

முதல் நாள் கடலில் உக்கிரபாண்டி இன்ஜின் பெட்டிமேல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு முனகலாவது வராதா? வரவில்லை. போய்த் திரும்பும்வரை இன்ஜின் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடவில்லை. கரைக்கு வந்து சீனி முகம்மதிடம் மீனைக் கொடுக்குமுன் உக்கிரபாண்டி அதைத் தூக்கிப் பார்த்தார். போன வருஷம் தனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய மீன்.