துவைக்காத சட்டை

எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அதைச் சொல்லாமல் இப்போதெல்லாம் எந்தப் பேச்சையும் என்னால் ஆரம்பிக்க முடிவதில்லை. என் மகள் நூபியாவின் பையன். காது அப்படியே என் காது. ஆனால் நான் சொல்ல வந்தது யூசிமியைப் பற்றி.

யூசிமி கியூபாக்காரி. மலேரியா வேலைக்காகக் கடல் தாண்டி எங்கள் நாட்டுப் பட்டுக்கா ஆற்றங்கரைக்கு வந்த நர்ஸ். வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுப்பாள், சுவரில் கொசு மருந்து அடிப்பாள். போவது என் தோணியில், தங்குவது எங்கள் வீட்டுப் பின்னறையில். ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள். சோள ரொட்டியையும் பீன்ஸையும் நின்றபடியே விழுங்குவாள். என் மனைவி காசில்தா காப்பி கொடுத்தால் வம்பு ஆரம்பிக்கும்.

“இது காப்பியா அக்கா, காப்பி குளிச்ச தண்ணியா?”

“உங்க ஊர்ல சின்னக் கப்புல தாரு ஊத்திக் குடிப்பீங்க. இங்க மனுசங்க குடிக்கிறது இதான்.”

சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். எங்கே? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு. அங்கேதான் போன் எடுக்கும். மூன்று வயது மகன் டைரனைத் தன் சொந்த ஊர் பராகோவாவில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“என் அம்மாவைத்தான் அம்மாங்கிறான் அண்ணே. என்னைய ‘போன் ஆன்ட்டி’ங்கிறான். இப்ப போன் பக்கமே வரமாட்டேங்கிறான்.”

பையன் மறந்துவிடுவான் என்ற பயம்தான் அவளை உட்காரவிடாமல் அடித்தது. இன்னொன்றும் கவனித்தேன். எந்த வீட்டிலும் குழந்தையைத் தூக்கமாட்டாள். “மருந்துக் கை” என்பாள். கழுவிய பிறகும் அதையேதான் சொல்வாள்.

என் பேரனுக்கு எடை பார்த்த அன்றும் அப்படித்தான். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நூபியாவே அவனைத் தராசுத் தொட்டிலில் வைத்தாள். யூசிமி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். “என்ன கண்ணுடா இது!” என்றாள். தொடாமலே மருந்துப் பையை மாட்டிக்கொண்டு தோணிக்கு வந்துவிட்டாள். காசில்தாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் குழந்தையை ஆசையாகப் பார்த்தால் தொட்டுவிட வேண்டும். தொடாமல் போனால் பார்வையின் சூடு அதன் உடம்பிலேயே தங்கிவிடும்.

மத்தியானம் திரும்பும்போது பேரனின் அழுகை ஆற்றிலேயே கேட்டது. காசில்தா கரையில் நின்றிருந்தாள்.

“பால் குடிக்க மாட்டேங்கிறான். சட்டையைக் கழட்டிக் குடுடி.”

“என்னக்கா?”

“பார்த்தவளோட வேர்வைச் சட்டையில சுத்தினாத்தான் சூடு எறங்கும்.”

“ஐயோ, இதுல பூரா கொசு மருந்து! பிள்ளையைக் கொல்லப் பாக்குறீங்களா? தள்ளுங்க, காய்ச்சல் இருக்கான்னு பாக்கறேன்.”

சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்தாள். காய்ச்சல் இல்லை.

“வயித்துல காத்து அடைச்சிருக்கு. தோள்ல போட்டுத் தட்டுங்க.”

“நீ தட்டு” என்றாள் காசில்தா.

யூசிமி கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். “என்னால முடியாதுக்கா. தூக்கினா கீழ வைக்க மாட்டேன்.”

“வைக்காத. யாரு கேட்டா?”

தூக்கினாள். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தாள். அவளுடைய அந்த ஓயாத நடைக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது. பேரன் ஒரு ஏப்பம் விட்டான் பாருங்கள், கோழிகள் விலகி ஓடின. எட்டு நாள் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது அந்த ஏப்பம்! அப்புறம் தாயிடம் போய்ப் பால் குடித்தான்.

“பாத்தியா, சூடு எறங்கிடுச்சு.”

“காத்துக்கா, காத்து.”

“என்னமோ ஒண்ணு. எறங்கிடுச்சில்ல?”

யூசிமி தோளில் வழிந்திருந்த எச்சிலைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். “ஏக்கா, பார்த்த ஆளு தூரத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“சட்டை இருந்தாப் போதும். துவைக்காத சட்டை. ஆளோட வாசனைதான் வேலை செய்யுது.”

“இதெல்லாம் நான் நம்பறதில்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்தே படாத சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தோணியில் ஏறினாள்.

“எதிர் ஓட்டத்துல போலாம். துடுப்பைக் குடுங்க.”

“லீவு நாள்ல எதுக்கும்மா?”

“பேசாம உக்காருங்கண்ணே.”

என் தோணியில் நான் பயணிபோல் உட்கார்ந்து பேரனின் காதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனேன். வெயிலில் அவள் விடாமல் துடுப்புப் போட்டாள். முதுகெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டினாள். அடுத்த ஊரில் வேலை பார்த்த இன்னொரு நர்ஸ் விடுமுறைக்குக் கியூபா போனபோது கொடுத்து அனுப்பினாள்.

அந்த நர்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சாயங்காலம், மேட்டிலிருந்து யூசிமி போனில் கத்தியது கீழே தோணிக்கரை வரைக்கும் கேட்டது.

“வந்துச்சா? அவன் தலைகாணியில சுத்தி வைம்மா! அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகுது! அம்மா, கேக்குதா? துவைச்சிடாத! துவைச்சிடாதம்மா!”