பதினேழாம் கணினியில் ஒரு சந்தேகம்

அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு அவர்தான் பொறுப்பு. நாற்பது கணினிகள், நாற்பது நாற்காலிகள், ஒரு சாவிக்கொத்து, அதோடு யாரையும் லேசில் நம்பாத ஒரு மனசு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கேமரா அக்கா. கூரை மூலையில் நிஜக் கேமரா ஒன்றும் இருந்தது. அது பழுதாகி நாலு வருஷம் ஆகியும் சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை. அக்கா இருக்கும்போது அது எதற்கு?

சந்தேகம் அவருக்கு வேலையோடு வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. பேருந்து ஓட்டும் மனிதர். ரோட்டில் ஆயிரம் பேரைச் சமாளிப்பவர், வீட்டில் திணறுவார். "சிரிச்சா ஏன் சிரிக்கிறீங்கன்னு கேக்குற. சிரிக்கலைன்னா என்ன மறைக்கிறீங்கன்னு கேக்குற. நான் எந்த மூஞ்சியோடதான் வீட்டுக்கு வர்றது?" என்பார். அதற்கும் அக்கா அவர் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்.

கணினிப் படிப்பின் முதல் வருஷத்தில் நூற்றிருபது பேர் சேருவார்கள். நிரல் எழுதும் பாடம் தொடங்கி ஆறாவது வாரத்தில் ஆய்வக நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். இரண்டாம் வருஷத்துக்கு எழுபது பேர் வந்து சேர்ந்தால் பெரிய விஷயம். போனவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. துறைத் தலைவர் அதற்கு வடிகட்டுதல் என்று பெயர் வைத்திருந்தார். அக்காவுக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது.

ஏனென்றால் அக்காவும் ஒரு காலத்தில் வடிகட்டப்பட்டவர்தான். பத்தொன்பது வயதில் வேறொரு கல்லூரியில் இதே படிப்பில் சேர்ந்தார். இரண்டாம் பருவத்தில் ஒரு நிரல் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வந்து எட்டிப் பார்த்த வாத்தியார், "விடும்மா, இது உனக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மறுவாரம் இவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு ஈ காக்கா கூட வரவில்லை. தனக்குத் தலையில் சரக்கு இல்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டார். அந்த முடிவின் மேல்தான் இத்தனை வருஷமும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

இந்த வருஷம் ஒரு புது டீச்சர் வந்தார். ஒல்லியான உருவம், முதுகில் பை, காலில் ஷூ. பார்த்தால் அவரே மாணவி மாதிரி இருப்பார். இரண்டு மணி நேரம் நின்று பேசும் பழக்கமே அவரிடம் இல்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஒரே கணினி முன்னால் உட்கார வைத்தார். ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும், மற்றவர் வாயால் சொல்ல மட்டும் வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணியடித்து இருவரையும் இடம் மாற்றுவார். நிரலை ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட வேண்டும். தப்பாக எழுதினால் திட்டு கிடையாது. எழுதாமல் விட்டால்தான் திட்டு. ஒரு நாள் வராதவர்களுக்கு அன்று சாயங்காலமே டீச்சரிடமிருந்து போன் போகும்.

பருவத்தின் பாதி முடிந்தது. நூற்றிருபதில் நூற்றுப் பதின்மூன்று பேர் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வாராந்தரத் தேர்வில் முக்கால்வாசிப் பேர் தேறினார்கள்.

அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து மணியடித்தால் மண்டையில் ஏறிவிடுமா? இதில் என்னமோ இருக்கிறது. கேள்வியை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பேர் வாங்கப் பார்க்கிறாளா இந்த அம்மா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தார். குப்பைக்கூடையில் கிடந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தார். டீச்சர் யாரிடமாவது தணிந்த குரலில் பேசினால், துடைக்கிற சாக்கில் துணியோடு அந்தப் பக்கம் போனார். ஒரு தடவை டீச்சரே திரும்பி, "அக்கா, இந்த மேஜையை இன்னிக்கு நாலாவது தடவை தொடைக்கிறீங்க" என்றார். அக்கா அசரவில்லை. "தூசி ஜாஸ்தி" என்றார்.

வாராந்தரத் தேர்வு வியாழக்கிழமை. அன்றைக்கு மட்டும் ஜோடி கிடையாது, ஆளுக்கொரு கணினி. நாற்பது நாற்பது பேராக வருவார்கள். முதல் அணிக்குச் சரியாகப் பத்து மணிக்கு டீச்சர் பலகையில் கேள்வியை எழுதுவார். யாரும் யாருக்கும் விடை அனுப்பிவிடக் கூடாது என்று புதன் சாயங்காலமே எல்லா இணைய வயர்களையும் பிடுங்கி வைத்துவிடுவார் அக்கா. அது அவரே போட்ட சட்டம். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கணினியிலிருந்தும் கோப்புகளை அவரே கையால் எடுத்துச் சேர்ப்பார்.

அப்படிச் சேர்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பதினேழாம் கணினியின் கோப்பு ஒன்பது நாற்பதுக்குச் சேமிக்கப்பட்டிருந்தது. கேள்வி பலகைக்கு வருவதற்கு இருபது நிமிஷம் முன்னால்! அடுத்த வியாழனும் பார்த்தார். இந்த முறை ஒன்பது முப்பத்தொன்று. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம்தான், வேறென்ன.

முதல் அணியில் பதினேழில் உட்காருபவள் ஒரு சலவைக்கடைப் பெண். விடிகாலையில் மாமாவின் கடையில் துணி அடுக்கிக் கொடுத்துவிட்டு, கையில் சோப்பு வாசனையோடு ஓடி வருவாள். போன வருஷம் இதே பாடத்தில் தோற்றவள். இன்னொரு வாய்ப்புக் கொடுத்துத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். ஒரு புகார் வந்தாலும் இடம் போய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்படிப்பட்டவள் இப்போது எண்பது மதிப்பெண் வாங்குகிறாள் என்றால் யார் நம்புவது?

அக்கா அச்செடுத்துக்கொண்டு நேரே துறைத் தலைவரிடம் போனார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நான் அப்பவே நினைச்சேன். திங்கக்கிழமை விசாரிச்சிடலாம். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு ஆய்வகத்துக்குள்ள வரக் கூடாது. அந்த மெஷினையும் யாரும் தொட வேணாம்."

அக்கா வியாழன் மாலையே பதினேழை அணைத்து, வயரைச் செருகாமல் விட்டு, மேலே ஒரு தாளையும் ஒட்டினார். டீச்சர் பதறிப்போய் வந்தார். கையில் அந்தப் பெண்ணின் விடைத்தாள்.

"அக்கா, இதப் பாருங்க. என்ன விடை வரும்னு மூணு தடவை தப்பா எழுதி, அடிச்சு, நாலாவதா கண்டுபிடிச்சிருக்கா. முன்னாடியே கேள்வி தெரிஞ்சவ இப்படியா எழுதுவா?"

"நடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அடிச்சு எழுதவும் தெரியும், மேடம்."

டீச்சர் தாளை மடித்துக்கொண்டு போனார். அந்த முகத்தில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் தெரிந்தது. அதுவும் நடிப்பாக இருக்குமோ என்று அக்கா யோசித்தார்.

சனிக்கிழமை கல்லூரியில் ஆள் இல்லை. இன்னும் நாலு ஆதாரம் கிடைத்தால் டீச்சரையும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அக்கா ஆய்வகத்தைத் திறந்தார். ஒட்டிய தாளை எடுத்துவிட்டுப் பதினேழைப் போட்டார். கோப்புகளைத் தேடும்போது திரையின் ஓரத்தில் பார்வை போனது. எட்டு ஐம்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கணினிக்குள்ளே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தேய்ந்துவிட்டால் கடிகாரம் ராத்திரியெல்லாம் பின்தங்கும். இணைய வயர் இருந்தால் காலையில் தானே சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். புதன் மாலை வயரைப் பிடுங்குவது யார்? மாதாமாதம் கடிகாரத்தைச் சோதித்துப் பதிவேட்டில் டிக் போட வேண்டியவர் யார்? பதிவேட்டில் டிக் இருந்தது. சோதித்தது மட்டும் இல்லை.

இன்றைக்குள் மூன்று ராத்திரி பின்தங்கியிருக்கிறது, தேர்வு நாளில் ஒரே ராத்திரிதான். அப்படிப் பார்த்தால், ஒன்பது நாற்பது என்று திரை சொன்னபோது உண்மையில் பத்தரை ஆகியிருக்கும். அந்தப் பெண் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

மேஜை டிராயரில் புதுப் பேட்டரிகள் இருந்தன. மாற்ற இரண்டு நிமிஷம் போதும். மாற்றிவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. அக்கா ஒரு பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தன் வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய கசப்பு ஒன்றும் இருந்தது. தோற்றுப்போன இந்தப் பெண் நேர்மையாகத்தான் தேறினாள் என்றால், சொல்லிக் கொடுத்திருந்தால் தானும் தேறியிருப்பார் என்றுதானே அர்த்தம்? அவள் திருடியாக இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு ஆசையாக இருந்தது. அப்படி ஆசைப்பட்டதற்காகத் தன் மேலேயே அருவருப்பும் வந்தது. பேட்டரியைத் திரும்ப டிராயரிலேயே போட்டார்.

திங்கட்கிழமை தலைவரின் அறைக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் படிப்பை விட்டு விலகும் படிவம். முழுக்க நிரப்பியாகிவிட்டது. காரணம் என்ற இடத்தில், 'எனக்கு இது வரவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"விசாரணையெல்லாம் வேணாம் அக்கா. நானே போயிடுறேன். மாமாவுக்குத் தெரிஞ்சா கஷ்டம்."

அக்கா உள்ளே போனார். தலைவரிடமும் டீச்சரிடமும் எல்லாவற்றையும் கொட்டினார். பேட்டரி, வயர், பொய்யாகப் போட்ட டிக், ஒன்று விடாமல். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். புகாரைக் கிழித்தார். அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

வெளியே வந்து அக்கா பெஞ்சின் முன்னால் நின்றார். "தப்பு உன் மேல இல்லம்மா. மெஷின்ல மணி தப்பு. அதைப் பாக்க வேண்டியது நான். நான் பாக்கலை."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "மணி சரியா இருந்து, வேற எதையாவது வச்சு என்னைச் சொல்லியிருந்தா? அப்போ என்னை நம்பியிருப்பீங்களா அக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவளும் நம்பியிருப்பாள்.

"மாட்டேன்" என்றார் அக்கா.

"அப்போ இந்த வியாழக்கிழமையும் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

"இருப்பேன்."

"பாருங்க" என்றாள் அவள். "பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க. நான் எப்படி எழுதுறேன்னு பாருங்க."

படிவத்தை அவள் கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆய்வகத்தின் பக்கம் நடந்தாள். சாவி அக்காவிடம் இருந்ததால், அக்கா அவள் பின்னாலேயே போக வேண்டியிருந்தது.